குடிக்காதவருக்கும் ஏன் ஈரல் புற்றுநோய்? தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் சித்தப்பா பாலக்கோடு பக்கம் தக்காளியும் நிலக்கடலையும் போட்டுப் பிழைத்தவர். பீடி, சாராயம் எதையும் தொட்டதில்லை. 58 வயதில் அவருக்குக் கல்லீரல் புற்றுநோய் என்று சொன்னார்கள். கண்டுபிடித்த நான்காம் மாதம் போய்விட்டார். வீட்டில் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: "குடிக்காத மனுஷனுக்கு இது எப்படி வரும்?"

நான் பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுப்பவன், மருத்துவன் அல்ல. ஆனால் காரியம் முடிந்த பிறகும் சொந்தக்காரர்கள், பக்கத்துக் கொல்லைக்காரர்கள் என்று ஆள் மாற்றி ஆள் வந்து என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அடித்த மருந்தா, குடித்த தண்ணீரா, சாப்பிட்ட சாப்பாடா? மருத்துவர்களிடம் கேட்டும், ஆய்வுகளைப் படித்தும் நான் தெரிந்துகொண்டதை அந்தக் கேள்விகளின் வரிசையிலேயே எழுதுகிறேன்.

குடிக்காதவருக்குக் கல்லீரல் புற்றுநோய் வருமா?

வரும். உலக அளவில் கல்லீரல் புற்றுநோய்க்கு முதல் காரணங்களாகச் சொல்லப்படுபவை ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி என்ற இரண்டு வைரஸ்கள். அப்புறம் மது. அதன் பிறகு, சர்க்கரை நோயோடும் உடல் பருமனோடும் வரும் கொழுப்புக் கல்லீரல், அதாவது ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'ஃபேட்டி லிவர்' என்று எழுதுகிறார்களே, அது. பூஞ்சை பிடித்த கடலையிலும் சோளத்திலும் உண்டாகும் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சும் இந்த வரிசையில் உண்டு. 2020-ல் மட்டும் உலகில் சுமார் 9 லட்சம் பேருக்கு இந்தப் புற்றுநோய் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டது. 8 லட்சத்து 30 ஆயிரம் பேர் இறந்தார்கள். வருகிறவர்கள் எண்ணிக்கையும் சாகிறவர்கள் எண்ணிக்கையும் இவ்வளவு நெருக்கமாக இருக்கும் புற்றுநோய்கள் குறைவு.

சித்தப்பாவின் ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி இருந்தது. அதுவரை யாருக்கும் தெரியாது. அம்மாவிடமிருந்து பிறக்கும்போதோ, சின்ன வயதில் எப்போதோ ஒட்டிய வைரஸ், ஒரு நாளும் காய்ச்சல்கூடக் கொடுக்காமல் ஐம்பது வருடம் உள்ளேயே இருந்திருக்கலாம் என்றார் மருத்துவர். "அப்போ மருந்தடிச்சது காரணம் இல்லையா?" என்று சித்தி கேட்டார். இல்லை என்றும் அவரால் சொல்ல முடியவில்லை. அந்த இடத்தில்தான் அழியாத மாசுகள் வருகின்றன.

அழியாத மாசு என்றால் எவை?

வெயில், மழை, மண்ணில் உள்ள நுண்ணுயிர் எதனாலும் எளிதில் உடைக்க முடியாத வேதிப்பொருள்கள். கொழுப்பில் கரைவதால் உடம்புக்குள் போனால் சிறுநீரில் வெளியேறாது. மண்ணிலிருந்து புல்லுக்கு, புல்லிலிருந்து மாட்டுக்கு, மாட்டிலிருந்து பாலுக்கு என்று ஒவ்வொரு படியிலும் செறிவு கூடிக்கொண்டே போகும்.

இந்தப் பக்கத்துப் பெரியவர்களுக்கு இவற்றின் பெயர்கள் நன்றாகத் தெரியும். டிடிடி, பிஎச்சி பவுடர், கமாக்சீன், எண்ட்ரின், எண்டோசல்பான். தானியம் கொட்டி வைக்கும் குதிருக்குச் சுற்றிலும் எறும்புக்கும் கறையானுக்கும் தூவியது பிஎச்சி. 1953-ல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கிய பிறகு, வீடு வீடாக வந்து சுவரில் அடித்தது டிடிடி. அந்த வாசனையை இன்றும் சொல்லக்கூடிய பாட்டிகள் இருக்கிறார்கள்.

பூச்சிமருந்து அல்லாதவையும் உண்டு. பழைய டிரான்ஸ்பார்மர் எண்ணெயில் கலந்திருந்த பிசிபி. யாரும் தயாரிக்காமலேயே, குப்பையை எரித்தால் தானாக உண்டாகும் டயாக்சின். ஒட்டாத தோசைக்கல், கறை பிடிக்காத துணி, தீயணைக்கும் நுரை இவற்றின் தயாரிப்பில் பயன்பட்டு வந்த பிஃபாஸ் வகை. இந்த பிஃபாஸ் மட்டும் கொழுப்பில் சேராது. ரத்தத்திலும் கல்லீரலிலும் உள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

2001-ல் ஸ்டாக்ஹோமில் உலக நாடுகள் ஒப்பந்தம் போட்டு, முதலில் 12 பொருள்களைப் பட்டியலிட்டன. பிறகு பட்டியல் நீண்டது. இந்தியா 2006-ல் அதை ஏற்றது.

எல்லாவற்றையும்தான் தடை செய்துவிட்டார்களே?

பெரும்பாலானவற்றைச் செய்திருக்கிறார்கள். விவசாயத்தில் டிடிடி 1989-லும், பிஎச்சி 1997-லும் நிறுத்தப்பட்டன. கேரளத்துக் காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்களில் தெளித்த எண்டோசல்பானால் மக்கள் பட்ட பாட்டுக்குப் பிறகு, அதை 2011-ல் உச்ச நீதிமன்றம் தடுத்தது. கடையில் விற்பது நின்றுவிட்டது என்பது உண்மை. ஆனால் உடம்பும் மண்ணும் அரசாணையைப் படிப்பதில்லை.

குளிர் நாடுகளின் மண்ணில் டிடிடி பாதியாகக் குறைவதற்கே 2 முதல் 15 ஆண்டு ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நம் வெயிலில் அது வேகமாக ஆவியாகும். ஆனால் ஆவியாவது அழிவது ஆகாது, வேறு இடத்தில் போய் இறங்கும். மனித உடம்பில் கடுமையான டயாக்சின் வகை பாதியாகக் குறைய 7 ஆண்டுக்கு மேல் ஆகிறது. பிஃபாஸ் வகையில் பிஎஃப்ஓஎஸ் என்பதற்குச் சுமார் 5 ஆண்டு. அதாவது, இன்று ஒரு துளிகூடப் புதிதாக உள்ளே போகாவிட்டாலும், இருபது வயதில் சேர்ந்ததன் மிச்சம் நாற்பது வயதிலும் இருக்கும். அந்த மருந்துகளை எந்த உறையும் முகமூடியும் இல்லாமல் கையால் கலக்கிய தலைமுறை, இப்போது புற்றுநோய் வரும் வயதில் இருக்கிறது. அதனால்தான் இதைப் பழங்கதை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

இவை உடம்பில் போய் கல்லீரலையே ஏன் பிடிக்கின்றன?

கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு, குடலிலிருந்து நேராக வருவது. நாம் சாப்பிட்டதில் பெரும்பாலானவை உடம்பின் மற்ற பாகங்களுக்குப் போகும் முன் கல்லீரலைத் தாண்டித்தான் போக வேண்டும். நஞ்சை உடைத்து வெளியே தள்ளுவதும் அதன் வேலை. உடைக்கவே முடியாத பொருள் வந்தால் என்ன செய்யும்? பித்தத்தோடு சேர்த்துக் குடலுக்கு அனுப்பும். குடல் அதையே மறுபடி உறிஞ்சிக் கல்லீரலுக்கு அனுப்பும். இப்படியே பல வருடம் சுற்றி வரும்.

அந்தச் சுற்றில் என்ன நடக்கிறது என்பதுதான் முக்கியம். கல்லீரல் செல்லுக்குள் சில புரதங்கள் சுவிட்ச் மாதிரி இருக்கின்றன. டயாக்சினும் சில பிசிபி வகைகளும் ஒரு சுவிட்சைப் போடுகின்றன. டிடிடி போன்றவை வேறொன்றை. பிஃபாஸ், கொழுப்பைக் கையாளும் சுவிட்சில் கை வைக்கிறது. சாதாரணமாக, நஞ்சு வந்தால் இந்த சுவிட்ச் போடப்படும், வேலை முடிந்ததும் அணையும். அழியாத மாசு உள்ளேயே இருப்பதால் சுவிட்ச் அணைவதே இல்லை. செல்லின் வேலை ஒழுங்கு மாறுகிறது, கொழுப்பு தேங்குகிறது, வீரியம் கூடிய ஆக்சிஜன் துணுக்குகள் செல்லைச் சேதப்படுத்துகின்றன, அழற்சி நிலைத்துவிடுகிறது. அடிபட்ட இடத்தில் தழும்பு விழும். தழும்பு மேல் தழும்பு விழுந்து கல்லீரல் கல்லாவதைத்தான் சிரோசிஸ் என்கிறார்கள். பெரும்பாலும் புற்றுநோய் அந்தத் தரையில்தான் முளைக்கிறது.

என் மாணவர்களுக்கு இதை நாற்றங்கால் வைத்துச் சொல்வேன். விதை போடுவது வேறு, தண்ணீர் பாய்ச்சுவது வேறு. வைரஸும் பூஞ்சை நஞ்சும் செல்லின் மரபணுவையே கெடுக்கக்கூடியவை. அது விதை. டிடிடி, டயாக்சின், பிசிபி போன்றவை பெரும்பாலும் மரபணுவை நேராகத் தாக்குவதில்லை. ஏற்கெனவே கெட்டுப்போன செல், சாக வேண்டிய நேரத்தில் சாகாமல் பெருகுவதற்கு வழி செய்கின்றன. அது தண்ணீர். எலிகளில் இதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள். டிடிடியும் பிஎச்சியும் கொடுத்த சுண்டெலிகளுக்கு வந்தது கல்லீரல் கட்டிதான்.

குடிக்காதவருக்கு வேதிப்பொருளாலேயே கல்லீரல் கெடும் என்பதற்கு ஒரு மனிதச் சான்றும் உண்டு. அமெரிக்காவின் கென்டக்கியில் பிவிசி ஆலையில் வினைல் குளோரைடு வாயுவை நிறையச் சுவாசித்த தொழிலாளர்களைச் சோதித்தார்கள். பருமனும் இல்லை, குடியும் இல்லை. ஆனாலும் பெரும்பாலோருக்குக் குடிகாரர்களின் கல்லீரலில் பார்ப்பது போன்ற கொழுப்பும் அழற்சியும் இருந்தன. 2010-ல் அது வெளியானது. வினைல் குளோரைடு டிடிடி போல நிலைத்து நிற்கும் பொருள் இல்லை. இருந்தாலும், "ஈரல் கெட்டால் அவன் குடிகாரன்" என்று பேசும் ஊருக்கு இந்தச் சான்று தெரிந்திருக்க வேண்டும். சித்தப்பாவைப் பற்றியும் அப்படிப் பேசினார்கள்.

மனிதர்களிடம் நிரூபித்திருக்கிறார்களா, எலியோடு சரியா?

ஒவ்வொரு பொருளுக்கும் ஒவ்வொரு அளவு சான்று இருக்கிறது.

சீனாவின் ஹைமென் நகரில் முன்பே எடுத்து வைத்திருந்த ரத்தத்தைப் பரிசோதித்து, பின்னாளில் கல்லீரல் புற்றுநோய் வந்தவர்களையும் வராதவர்களையும் 2006-ல் ஒப்பிட்டார்கள். டிடிடி அதிகம் இருந்தவர்களுக்கு ஆபத்து கூடியிருந்தது. நோய் வருவதற்கு முன் எடுத்த ரத்தம் என்பதால் இதற்கு மதிப்பு அதிகம்.

ஜப்பானில் 1968-ல் தவிட்டெண்ணெய் ஆலையின் சூடாக்கும் குழாயிலிருந்து பிசிபி கசிந்து சமையல் எண்ணெயில் கலந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டார்கள். யூஷோ என்று அதற்குப் பெயர். அவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது, ஆண்களிடம் கல்லீரல் புற்றுநோய் மரணம் எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருந்தது.

பிஃபாஸ் பற்றி 2022-ல் அமெரிக்காவில் வந்த ஆய்வில், ரத்தத்தில் பிஎஃப்ஓஎஸ் மிக அதிகமாக இருந்தவர்களுக்கு ஆபத்து 4.5 மடங்கு என்று தெரிந்தது. ஆனால் அதில் புற்றுநோய் வந்தவர்கள் 50 பேர், வராதவர்கள் 50 பேர், அவ்வளவுதான். அந்த ஒரு எண்ணை வைத்துப் பயமுறுத்துவது தவறு. ஒதுக்கித் தள்ளுவதும் தவறு.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, டயாக்சினின் கடுமையான வகையையும் பிசிபியையும் பிஎச்சியில் உள்ள லிண்டேனையும் 'புற்றுநோய் உண்டாக்கும்' என்ற முதல் வகுப்பில் வைத்திருக்கிறது. 2023-ல் பிஎஃப்ஓஏ என்ற பிஃபாஸ் வகையும் அங்கே சேர்ந்தது. டிடிடி 'அநேகமாக உண்டாக்கும்' என்ற அடுத்த வகுப்பில். ஆனால் முதல் வகுப்பு என்பதாலேயே கல்லீரலில்தான் வரும் என்று பொருள் இல்லை. லிண்டேனுக்கு உறுதியான சான்று இருப்பது நிணநீர்ப் புற்றுநோய்க்கு, பிசிபிக்குத் தோல் புற்றுநோய்க்கு. கல்லீரலைப் பொறுத்தவரை 'உண்டாக்கலாம்' என்ற அளவில்தான் பேச முடியும். அந்த 'லாம்' சின்னது அல்ல.

நம் தண்ணீரில் ஃபுளோரைடு இருக்கிறதே, அதுவா காரணம்?

தருமபுரிக்காரர்கள் தண்ணீர் என்றாலே முதலில் கேட்பது இது. ஃபுளோரைடு பல்லையும் எலும்பையும் கெடுக்கும். அதற்காகத்தான் 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. கல்லீரல் புற்றுநோய்க்கு அது காரணம் என்று சான்று இல்லை. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை விட்டு ஒகேனக்கல் தண்ணீர் குடிப்பது நல்லதுதான், ஆனால் அது வேறு கணக்கு.

கெலவரப்பள்ளி அணையில் பொங்குகிற நுரை?

தென்பெண்ணை பெங்களூருவின் கழிவையும் சுமந்துகொண்டுதான் ஓசூர்ப் பக்கம் வருகிறது. கெலவரப்பள்ளியில் மதகு திறந்தால் மலை மாதிரி நுரை எழுவதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். நுரைக்கு முக்கியக் காரணம் சாக்கடையோடு வரும் சோப்பும் டிடர்ஜெண்டும். அது பெரும்பாலும் உடையக்கூடியது. நுரை வருவதாலேயே அதில் அழியாத மாசு இருக்கிறது என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. ஆலைக் கழிவும் நகரச் சாக்கடையும் கலந்து வரும் ஆற்றில் அதைத் தேடி அளந்து பார்க்க வேண்டும். அளந்த எண்களை ஊர் மக்கள் படிக்கும்படி தமிழில் ஒட்ட வேண்டும் என்று கேட்பது நம் உரிமை. அதுவரை அந்த நுரையில் குழந்தைகளை விளையாட விடாதீர்கள், செல்ஃபி எடுக்கவும் இறங்காதீர்கள். ஒன்று மட்டும் உறுதி: தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், பிஃபாஸ் போகாது. ஆர்ஓ வடிகட்டியோ நல்ல கார்பன் வடிகட்டியோதான் அதைக் குறைக்கும்.

குப்பையைக் கொளுத்தினால் அவ்வளவு ஆபத்தா? எல்லோரும்தானே கொளுத்துகிறார்கள்?

இந்தப் பக்கத்தில் நான் எழுதுவதில் ஒன்றை மட்டும் நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்வதானால், அது இதுவாக இருக்கட்டும்.

டிடிடி நம் பாட்டன் காலத்துத் தவறு. டயாக்சின் இன்று சாயங்காலம் நம் தெருவில் நாமே தயாரிப்பது. குளோரின் கலந்த எதையும் அரைகுறையாக எரித்தால் அது பிறக்கும். பிவிசி பைப், மின்கம்பியின் மேலுறை, ரெக்சின், பழைய செருப்பு எல்லாவற்றிலும் குளோரின் உண்டு. சமையல் கழிவில் உள்ள உப்பிலும் குளோரின் இருப்பதால், கலந்த குப்பை எதுவானாலும் கணக்கில் சேரும். 850 டிகிரிக்கு மேல் நின்று எரிந்தால் டயாக்சின் அழியும். தெருமுனைக் குப்பை அந்தச் சூட்டுக்குப் போகாது. புகைந்து புகைந்து, டயாக்சின் உண்டாவதற்குத் தோதான சூட்டிலேயே நிற்கும்.

புகையை மூச்சில் இழுப்பது ஒரு பங்குதான். பெரிய பங்கு சாம்பல் வழியாக வருகிறது. புல்லில் படியும், மாடும் ஆடும் மேயும், வீட்டுக் கோழி அந்தச் சாம்பல் மேட்டைத்தான் கிளறிக்கொண்டிருக்கும். பிறகு பாலாக, முட்டையாக, கறியாக நம் தட்டுக்கு வரும்.

தக்காளி போடுகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. மண்ணை மூடும் மல்ச்சிங் ஷீட்டும் சொட்டுநீர் பைப்பும் வந்தது நல்லதுதான், தண்ணீர் மிச்சம், களை இல்லை. ஆனால் காய்ப்பு முடிந்ததும் கிழிந்த ஷீட்டைச் செடியோடு சுருட்டி வரப்பில் போட்டுத் தீ வைக்கிறோம். ஷீட் பாலிஎத்திலீன், அதில் குளோரின் இல்லை. ஆனால் அதன் கூடவே பிவிசி துண்டும் மருந்து பாட்டிலும் மருந்து ஒட்டிய செடியும் எரிகின்றன. சித்தப்பா கொல்லையில் வருடத்துக்கு இரண்டு முறை இது நடக்கும். நானே பெட்ரோல் ஊற்றிப் பற்ற வைத்திருக்கிறேன். மண்ணை உதறி, கட்டி வைத்தால் பழைய பிளாஸ்டிக் எடுக்கிறவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். இப்போது நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். விலை ஒன்றும் பெரிதாகக் கிடைக்காது.

செம்புக்காகக் கேபிள் எரிப்பது எல்லாவற்றிலும் மோசம். செம்பே டயாக்சின் உண்டாவதை வேகப்படுத்தும். உறையைக் கத்தியால் சீவி எடுத்தால் செம்புக்கும் நல்ல விலை கிடைக்கும்.

குப்பையைத் திறந்தவெளியில் எரிப்பதை தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2016-ல் தடை செய்து, சாதாரணமாக எரித்தால் 5,000 ரூபாய், மொத்தமாக எரித்தால் 25,000 ரூபாய் அபராதம் என்று உத்தரவிட்டது. கிராம சபையில் இந்த உத்தரவைச் சொல்லிக் கேட்கலாம்.

நிலக்கடலைப் பூஞ்சை மாசு இல்லையே, அதை ஏன் சேர்க்கிறீர்கள்?

இது ஆலையில் பிறந்த மாசு இல்லை, உண்மைதான். ஆனால் நம் ஊர்க் கல்லீரலுக்கு இதைவிடத் தெளிவான எதிரி சுற்றுச்சூழலில் வேறெதுவும் இல்லை. 1960-ல் இங்கிலாந்தில் கடலைப் புண்ணாக்கு தின்ற ஒரு லட்சம் வான்கோழிகள் செத்ததில்தான் அஃப்ளடாக்சின் கண்டுபிடிக்கப்பட்டது. 1974-ல் மேற்கு இந்தியாவில் பூஞ்சை பிடித்த மக்காச்சோளம் சாப்பிட்டு நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

ஷாங்காயில் செய்த ஆய்வு ஒன்று என்னைத் தூங்கவிடவில்லை. அஃப்ளடாக்சின் மட்டும் இருந்தவர்களுக்கு ஆபத்து 3 மடங்கு போல. ஹெபடைடிஸ் பி மட்டும் இருந்தவர்களுக்கு 7 மடங்கு. இரண்டும் இருந்தவர்களுக்கு 60 மடங்கு அளவில். கூட்டினால் பத்துதானே வர வேண்டும்? ஒன்றன் மேல் ஒன்று ஏறும்போது கூட்டல் கணக்கு இல்லை, பெருக்கலையும் தாண்டிவிடுகிறது. சித்தப்பா நல்ல காயை மண்டிக்குப் போட்டுவிட்டு, சுருங்கினதையும் கறுத்ததையும்தான் வீட்டுக்கு வைத்துக்கொள்வார். "வாங்குறவன் ஏமாறக் கூடாது" என்பார்.

செய்ய வேண்டியது கஷ்டமானதல்ல. பிடுங்கியதும் காய் மேலே இருக்கும்படி செடியைக் கவிழ்த்துப் போட்டு நன்றாகக் காய வையுங்கள், குலுக்கினால் பருப்பு உள்ளே கலகல என்று சத்தம் போட வேண்டும். உடைக்கும்போது பருப்பு உடையாமல் இருக்கத் தண்ணீர் தெளிக்கும் வழக்கம் இருக்கிறது, அதை விட்டுவிடுங்கள். பூஞ்சைக்கு அது விருந்து. கறுத்தது, சுருங்கியது, முளைத்தது, கசப்பது எல்லாம் பொறுக்கித் தனியே போடுங்கள். வறுத்தாலும் அவித்தாலும் இந்த நஞ்சு முழுதாகப் போகாது. அந்தச் சொத்தையைச் செக்குக்குக் கொடுப்பதும் தவறு. சுத்திகரிக்காத செக்கெண்ணெயில் நஞ்சு அப்படியே தங்கும். நல்ல காயில் ஆட்டிய செக்கெண்ணெயைப் பற்றி எனக்குக் குறையில்லை. மாட்டுக்கும் வைக்காதீர்கள், பாலில் வரும்.

இப்போது அடிக்கும் மருந்துகளும் அழியாதவையா?

பெரும்பாலும் இல்லை. நாள் கணக்கிலோ மாதக் கணக்கிலோ உடைபவைதான். ஆனால் உடையும் முன் அடிப்பவர் உடம்பில் படுவது வேறு விஷயம். பட்டுப்புழு வளர்ப்பவர்களைக் கேளுங்கள். பக்கத்துக் கொல்லையில் அடித்தது காற்றில் வந்து மல்பெரி இலையில் பட்டால் போதும், புழு தலையைத் தூக்கி வாந்தி எடுத்துச் செத்துப்போகும். அந்தக் காற்றைத்தான் நாமும் சுவாசிக்கிறோம். காற்றுக்கு எதிரே நின்று அடிக்காதீர்கள், முழுக்கைச் சட்டையும் கையுறையும் போடுங்கள், முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளித்த பிறகு சாப்பிடுங்கள். மருந்து வந்த கேனை மூன்று முறை அலசி ஓட்டை போட்டுவிடுங்கள். அதில் குடிதண்ணீர் பிடித்து வைத்திருப்பதை இன்னமும் பார்க்கிறேன்.

மாம்பழத்தில் போடும் கார்பைடு கல்?

தடை செய்யப்பட்டது, ஆர்சனிக் போன்ற கலப்படம் இருக்கும், போடக் கூடாது. ஆனால் அது அழியாத மாசு வகையைச் சேர்ந்ததல்ல.

தாய்ப்பாலிலும் இந்த நஞ்சு இருக்கும் என்கிறார்களே, நிறுத்திவிடலாமா?

நிறுத்தவே கூடாது. கொழுப்பு இருக்கும் இடத்தில் இவை இருக்கும், தாய்ப்பாலிலும் சிறிதளவு இருக்கும் என்பது உண்மை. ஆனாலும் தாய்ப்பாலின் நன்மை அதைவிடப் பல மடங்கு பெரியது, கொடுக்கத்தான் வேண்டும் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. இதைப் படித்துவிட்டு எந்தத் தாயும் பயப்பட வேண்டாம்.

என்ன பரிசோதனை செய்யலாம்?

ரத்தத்தில் டிடிடி, டயாக்சின் அளவு பார்க்கும் சோதனைக்கு அலையாதீர்கள். செலவு அதிகம், எண் தெரிந்தாலும் அதை வைத்து மருத்துவர் செய்ய ஒன்றும் இல்லை. உபயோகமானவை வேறு. ஹெபடைடிஸ் பி, சி சோதனை இரண்டும் வாழ்நாளில் ஒரு முறையாவது எடுங்கள். 2018-ல் தொடங்கிய தேசிய வைரஸ் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் சோதனையும் சிகிச்சையும் இலவசம். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, அங்கே கேளுங்கள். சி வைரஸை மாத்திரையிலேயே பெரும்பாலும் முழுக்கக் குணப்படுத்திவிடலாம். பி வைரஸைக் கட்டுப்படுத்தி வைக்கலாம். குழந்தைக்குப் பிறந்த 24 மணி நேரத்துக்குள் ஹெபடைடிஸ் பி ஊசி போட்டார்களா என்று பிரசவ வார்டிலேயே கேட்டுவிடுங்கள்.

சிரோசிஸ் இருப்பவர்கள் 6 மாதத்துக்கு ஒரு முறை வயிற்று ஸ்கேன் எடுக்க வேண்டும். ஹெபடைடிஸ் பி இருப்பவர்களில் யாருக்கு எப்போதிலிருந்து என்று மருத்துவர் சொல்வார். வலி வந்த பிறகு போனால் தாமதம். சித்தப்பாவுக்கு வலது விலாவுக்குக் கீழே கனமாக இருந்ததை வாயு என்று நினைத்து மூன்று மாதம் இஞ்சிச்சாறு குடித்தார். எடை குறைவது, வயிறு நீர் கோத்து உப்புவது, கண் மஞ்சளாவது எல்லாம் கடைசியில் வருபவை.

சர்க்கரை இருப்பவர்கள் கல்லீரலையும் பார்க்கச் சொல்லுங்கள். 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியதே நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். வீட்டுக்கு வந்து சர்க்கரை பார்க்கும் அந்த அக்காவிடம் இந்தக் கேள்வியைக் கேட்கலாம்.

கீழாநெல்லி போதாதா?

இது வெறும் பாட்டி வைத்தியம் என்று நான் தள்ளமாட்டேன், ஏனென்றால் சென்னையிலேயே இதைச் சோதித்திருக்கிறார்கள். ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து 1976-ல் நோபல் பரிசு வாங்கிய பாரூக் புளும்பெர்க்கும் சென்னை ஆய்வாளர் தியாகராஜன் குழுவும் சேர்ந்து 1988-ல் வெளியிட்ட ஆய்வில், கீழாநெல்லி சாப்பிட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களிடம் வைரஸின் அடையாளம் ரத்தத்திலிருந்து மறைந்திருந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிறகு வேறு இடங்களில் செய்த சோதனைகளில் அதே பலன் கிடைக்கவில்லை. ஆகவே அதை நம்பி ரத்தச் சோதனையைத் தள்ளிப் போடாதீர்கள். புற்றுநோய்க்கு அது மருந்து அல்ல. 'நஞ்சை வெளியேற்றும்' என்று விற்கும் பொடி, சாறு எதற்கும் டயாக்சினை உடைக்கும் சக்தி கிடையாது.

அப்படியானால் உங்கள் சித்தப்பாவுக்குப் பூச்சிமருந்துதான் காரணமா?

தெரியாது. ஒருவருடைய கட்டியைப் பார்த்து இது டிடிடியால் வந்தது, இது வைரஸால் வந்தது என்று பிரித்துச் சொல்லும் சோதனை இல்லை. வைரஸ் இருந்தது, சொத்தைக் கடலை இருந்தது, முப்பது வருட மருந்து இருந்தது, வரப்புப் புகை இருந்தது. ஒன்றை மட்டும் எடுத்திருந்தால்கூட அவர் தப்பியிருப்பாரோ என்று நினைப்பேன். சித்தியையும் மூன்று பிள்ளைகளையும் சோதித்ததில் நடுப்பிள்ளைக்கு மட்டும் பி வைரஸ் இருந்தது. வயது 27. ஆறு மாதத்துக்கு ஒரு முறை தருமபுரிக்குப் போய் ரத்தமும் ஸ்கேனும் பார்த்துவிட்டு வருகிறான். மற்ற எல்லோருக்கும் ஊசி போட்டாயிற்று.

பழைய பூச்சிமருந்துப் பவுடர் டின் வீட்டில் இருக்கிறது. என்ன செய்வது?

கிணற்றில் போடாதீர்கள், புதைக்காதீர்கள், எரிக்காதீர்கள், எறும்புக்குத் தூவித் தீர்த்துவிடலாம் என்றும் நினைக்காதீர்கள். பிரிக்காமல் கனமான பிளாஸ்டிக் கவர் இரண்டில் போட்டுக் கட்டி, மேலே 'விஷம்' என்று எழுதி, பிள்ளைகளும் கோழியும் போகாத இடத்தில், நனையாமல் வையுங்கள். வட்டார வேளாண்மை அலுவலகத்திலும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்திலும் எழுத்தில் கொடுத்து, எப்படி ஒப்படைப்பது என்று கேளுங்கள். சித்தப்பா வீட்டுப் பரணில் கால் டின் பிஎச்சி கிடைத்தது. மனு கொடுத்திருக்கிறோம். டின் இப்போது மோட்டார் ரூமில், மேல் அலமாரியில் கட்டியபடி இருக்கிறது.